அமெரிக்காவுல டைவர்சிட்டியை நிறுத்திட்டாங்க, புதுச்சேரி ஆபீஸ்ல எது போகும் எது போகாது

கடலூர்ல இருந்து தினமும் பஸ் புடிச்சு புதுச்சேரிக்கு வேலைக்கு வர்ற ஒரு தங்கச்சி, அமெரிக்க கிளையண்டுக்கு பில்லிங் பாக்குற ஆபீஸ், போன வாரம் போன் பண்ணுச்சு. "அண்ணா, டைவர்சிட்டி டீமையே, அதான் எல்லா தரப்பு ஆளுக்கும் வாய்ப்பு கிடைக்குதான்னு பாக்குற டீமையே, கலைச்சிட்டோம்னு மெயில் வந்திருக்கு, அப்போ என் மெட்டர்னிட்டி லீவும் அவ்ளோதானா?"ன்னு கேக்குது. அதுக்கு ஆறாவது மாசம், பயம் இருக்கத்தானே செய்யும். மேனேஜர் வேற டீ குடிக்கிற எடத்துல "இனிமே கமிட்டி கிமிட்டி எல்லாம் கிடையாது"ன்னு சொல்லிட்டு போயிருக்காரு. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை டைப் பண்றேன்.

முதல்ல அங்க என்ன ஆச்சுன்னு பாத்துருவோம். அமெரிக்காவுல 1965ல ஜான்சன் பிரசிடென்ட்டா இருந்தப்போ 11246ன்னு ஒரு எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர், அதாவது பிரசிடென்ட்டே நேரா போடுற உத்தரவு, போட்டாரு, அரசாங்கத்துகிட்ட கான்ட்ராக்ட் எடுக்குற கம்பெனிங்க வேலைக்கு ஆள் எடுக்குறதுல பாரபட்சம் காட்டக்கூடாது, ஒதுக்கப்பட்டவங்களுக்கு வாய்ப்பு கிடைக்க தாங்களே முயற்சி எடுக்கணும்னு. கிட்டத்தட்ட 60 வருஷம் ஓடுச்சு. 2025 ஜனவரி 21ஆம் தேதி ட்ரம்ப் 14173ன்னு ஒரு ஆர்டர் போட்டு அதை ரத்து பண்ணிட்டாரு. ரத்து பண்ணதோட விடல, அரசாங்க கான்ட்ராக்ட் வாங்குற கம்பெனி "பாரபட்ச தடுப்பு சட்டத்தை மீறுற டிஇஐ (டைவர்சிட்டி, ஈக்விட்டி, இன்க்ளூஷன்) புரோகிராம் எதுவும் நாங்க நடத்தல"ன்னு கையெழுத்து போட்டுக் குடுக்கணும், அது பொய்னு ஆச்சுன்னா அரசாங்கத்துகிட்ட பொய் சொல்லி காசு வாங்குனா பாயுற ஃபால்ஸ் கிளெய்ம்ஸ் ஆக்ட்ல கேஸ் வரலாம், அதுல நஷ்டஈடு மூணு மடங்கு வரைக்கும் போகும். இதுதான் கம்பெனிக்காரனுக்கு வயித்தக் கலக்குது. எது சட்டத்துக்கு உட்பட்ட புரோகிராம், எது மீறுனதுன்னு கோடு தெளிவா இல்ல, எதுக்கு வம்புன்னு மொத்தமா மூடிடறாங்க.

இதுல ஒண்ணு கவனிங்க, அங்கயே 1964ஆம் வருஷத்து சிவில் ரைட்ஸ் ஆக்ட் மாறல. இனம், நிறம், மதம், பாலினம், பூர்வீக நாடு பாத்து வேலையில பாரபட்சம் காட்டுனா இன்னிக்கும் தப்புதான். பிரசிடென்ட் ஆர்டர் போட்டு இன்னொரு ஆர்டரை தூக்கலாம், பார்லிமென்ட் மாதிரி அவங்க காங்கிரஸ் போட்ட சட்டத்தை அப்படி தூக்க முடியாது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். புதுச்சேரியில உக்காந்து வேலை பாக்குற இந்தியருக்கு அந்த அமெரிக்க சட்டமும் பொருந்தாது, இந்த ஆர்டரும் நேரா பொருந்தாது. ஆனா கிளையண்ட் தன் வெண்டர்கிட்ட "நீயும் எழுதிக் குடு"ன்னு கான்ட்ராக்ட்ல கேக்கலாம், அப்படித்தான் அந்தக் காத்து இங்க அடிக்குது. அதனால போறது எதுன்னா, கம்பெனி தன் இஷ்டத்துக்கு ஆரம்பிச்சது. பெண்களுக்கு சீனியருங்க வழிகாட்டுற தனி மென்டரிங், பால்புதுமையினருக்காக ஜூன் மாசம் ஒட்டுற வானவில் போஸ்டர், லீடர்ஷிப் கோர்ஸ், இதையெல்லாம் மூடுனா கோர்ட்டுக்கு போக முடியாது. எனக்கு வருத்தம்தான், அந்த மென்டரிங்ல மேல வந்த பொண்ணுங்க சிலரை எனக்கே தெரியும், ஆனா சட்டம் அதைப் பத்தி பேசல. சில எடத்துல பட்ஜெட்டை வெட்டிட்டு பழியை அமெரிக்கா மேல போடுறாங்கன்னும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

போகாதது எதுன்னா, இந்திய சட்டம் சொல்றது. மெட்டர்னிட்டி லீவு முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம், பிரசவத்துக்கு முன்னாடி அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம், எதிர்பாக்குற பிரசவ தேதிக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பாத்திருந்தா போதும். இஎஸ்ஐ கட்டுறவங்களுக்கு சம்பளத்துக்கு பதிலா பணம் இஎஸ்ஐல இருந்து வரும். 50 பேர் இல்ல அதுக்கு மேல இருக்குற எடத்துல கிரெச், அதாவது குழந்தையைப் பாத்துக்குற காப்பகம், வேணும், அம்மா ஒரு நாளைக்கு 4 தடவை போய் குழந்தையைப் பாத்துட்டு வரலாம். 2025 நவம்பர் 21ல இருந்து நாலு லேபர் கோடும் (தொழிலாளர் சட்டத் தொகுப்பு) அமலுக்கு வந்து 29 பழைய சட்டம் அதுக்குள்ள போயிடுச்சு, அதனால "பழைய மெட்டர்னிட்டி சட்டமே இல்லியே"ன்னு யாராவது வியாக்கியானம் பண்ணா நம்பாதீங்க, அந்த 26 வாரம் சமூகப் பாதுகாப்பு கோடுல அப்படியே உக்காந்திருக்கு. சம்பள கோடுலயும் ஒரே வேலைக்கு ஆணு பொண்ணு பாத்து சம்பளத்துல வித்தியாசம் காட்டக்கூடாதுன்னு இருக்கு.

அமெரிக்க கிளையண்டுன்னா நைட் ஷிஃப்ட் இல்லாம இருக்காது. சாயங்காலம் 7 மணிக்கு மேல, காலையில 6 மணிக்கு முன்னாடி பெண்களை வேலை வாங்கணும்னா அவங்க சம்மதம் வேணும், பாதுகாப்பு ஏற்பாடும் பண்ணணும். டைவர்சிட்டி டீம் இருந்தப்போ வேன் விட்டோம், இப்போ டீமே இல்லன்னு சொல்லி நழுவ முடியாது.

இப்போ அந்த கமிட்டி விஷயம். 10 பேர் இருந்தாலே 2013ஆம் வருஷ சட்டப்படி பாலியல் தொல்லை புகாருக்கு இன்டர்னல் கமிட்டி கட்டாயம், காண்ட்ராக்ட் ஆளு, இன்டர்ன் எல்லாரும் கணக்குல வருவாங்க. தலைமை ஒரு சீனியர் பெண், பாதிக்கு குறையாம பெண்கள், வெளியில இருந்து ஒரு ஆள். நிறைய பேர் கோட்டை விடுற எடம் எதுன்னா, ஒவ்வொரு கிளைக்கும் தனி கமிட்டி வேணும், "சென்னை ஹெட் ஆபீஸ்ல இருக்கே"ன்னு சொன்னா செல்லாது. கமிட்டி போடலன்னா 50,000 ரூபா வரைக்கும் அபராதம், திரும்பவும் மாட்டுனா ரெட்டிப்பு, லைசென்ஸுக்கே ஆபத்து வரலாம். 2025 ஜூலைல இருந்து கம்பெனியோட போர்டு ரிப்போர்ட்லயே எத்தனை புகார் வந்துச்சு, எத்தனை தீர்ந்துச்சு, 90 நாளுக்கு மேல எத்தனை கெடக்குதுன்னு எழுதணும்னு விதி வந்திருக்கு. அங்க தளர்த்துற நேரத்துல இங்க இறுக்கிட்டு இருக்காங்க, இதை மேனேஜர்கிட்ட யாராவது சொன்னா தேவலை.

கடலூர்க்காரங்க அடிக்கடி கேக்குறது, வீடு தமிழ்நாடு, வேலை புதுச்சேரி, எங்க போறது? வேலை எங்கயோ அங்கதான். லேபர் பிரச்சினைன்னா புதுச்சேரி தொழிலாளர் துறை. ஆபீஸ் வேன்ல வீட்டுக்கு வர்றப்போ எல்லையில இருக்குற முள்ளோடை தாண்டி கடலூர் பக்கம் தொல்லை நடந்தாலும் சட்டப்படி அந்த வேன் வேலை எடம்தான், புகார் ஆபீஸ் கமிட்டிக்குத்தான் போகணும். 10 பேருக்கு குறைவான எடம்னா மாவட்டத்துல இருக்குற லோக்கல் கமிட்டி.

மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டம், திருநங்கை திருநம்பிகளுக்கு 2019 சட்டம், ரெண்டுமே தனியார் கம்பெனிக்கும் சேத்துதான், சம வாய்ப்பு பாலிசி எழுதி வைக்கணும். ஆனா குழப்பிக்காதீங்க, மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத இடஒதுக்கீடு அரசு வேலைக்குத்தான்.

தங்கச்சிக்கு நான் சொன்னது இதுதான், வாயால கேக்காத, எச்ஆருக்கு மெயில் போடு, லீவு தேதி, கமிட்டி மெம்பர் பேரு ரெண்டையும் கேளு. மூணு நாள் கழிச்சு பதில் வந்துச்சு, லீவு அப்படியே இருக்கு, கமிட்டி லிஸ்ட் நோட்டீஸ் போர்டுல ஒட்டுறோம்னு. ஒட்டியும் இருக்காங்க, அதுல ஒரு மெம்பர் வேலையை விட்டுப் போய் எட்டு மாசம் ஆகுதாம். அடுத்த மெயிலை அதுவே டைப் பண்ணிட்டிருக்கு.