அனிசோட்ரோபி: திசையொவ்வாமையா, திசைசார்பா?

விறகை நீளவாக்கில் வெட்டினால் ஒரே போடில் பிளந்துவிடும். குறுக்கே வெட்டினால் கைதான் சலிக்கும். இப்படித் திசைக்குத் திசை குணம் மாறுவதுதான் 'அனிசோட்ரோபி'.

கிரேக்கத்தில் 'ஐசோஸ்' என்றால் சமம், 'ட்ரோபோஸ்' என்றால் திருப்பம், போக்கு. முன்னால் நிற்கும் 'அன்' அதை மறுக்கிறது. இதை ஒட்டிப் பிறந்ததுதான் 'திசையொவ்வாப் பண்பு'. இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் 'ஒவ்வாமை' என்றதும் இன்று தும்மலும் தடிப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. அதனால் நான் 'திசைசார்பு' என்றே எழுதுகிறேன். மறுப்பைச் சுற்றிப் போகாமல் நேரே விஷயத்தைச் சொல்கிறது.

சரி, காந்தத் திசைசார்பு? காந்தமாக்கம், அதாவது பொருளுக்குள் இருக்கும் காந்தத்தன்மை, ஒரு திசையை நோக்கி நிற்கும். அது தானாக விரும்பி நிற்கும் திசை எளிய அச்சு. வெளியிலிருந்து வலுவான காந்தப்புலம் கொடுத்தால்தான் அது திரும்பும் திசை கடின அச்சு. கோபால்ட் படிகத்தில் அறுகோணப் பட்டகத்தின் நெட்டச்சுதான் எளிய அச்சு. மிக மெல்லிய உலோகப் படலத்திலோ வடிவமே முந்திக்கொள்கிறது: காந்தமாக்கம் பெரும்பாலும் படலத்தின் தளத்திலேயே படுத்துவிடும்.

அதை நிமிர்த்த வேண்டுமானால் இடைமுகம், அதாவது இரண்டு உலோக அடுக்குகள் தொடும் எல்லை, உதவும். பிளாட்டினத்துக்கு நடுவே கோபால்ட்டை ஒரு நானோமீட்டர் அளவுக்கு மெலிதாகப் படியவைத்தால், எளிய அச்சு தளத்துக்குச் செங்குத்தாக எழும். படுத்த நிலையிலேயே திசையைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா? நிக்கல் 80, இரும்பு 20 சதவீதம் கொண்ட பெர்மல்லாய் என்ற கலப்புலோகத்தைப் படியவைக்கும்போதே பக்கத்தில் காந்தப்புலம் வைத்தால் போதும். எளிய அச்சு அந்தப் புலத்தின் வழியே அமையும்.

எனக்குப் பிடித்தது சாய்வுப் படிவு. இதில் காந்தமே வேண்டாம். அடித்தளத்தைச் சாய்த்து வைத்தால் உலோக ஆவி பக்கவாட்டில் வந்து விழும். முதலில் முளைத்த உலோக மணிகள் தங்களுக்குப் பின்னால் நிழல் வீழ்த்தும். நிழலில் அணு விழாது, அங்கே இடைவெளி. ஆவி வரும் திசைக்குக் குறுக்கே நிழல் இல்லை என்பதால் மணிகள் அந்தப் பக்கம் கைகோத்து வரிசையாகின்றன. எளிய அச்சும் அந்த வரிசை வழியே ஓடும். அப்புறம்தான் வேடிக்கை: சாய்வை மிக அதிகமாக்கினால் வரிசை உடைந்து, ஆவி வந்த பக்கம் சாய்ந்த தனித்தனித் தூண்கள் வளரும். எளிய அச்சும் 90 பாகை திரும்பி, அந்தத் தூண்கள் சாயும் பக்கம் போய்விடும்.