இன்ஜின் ஒன்று, டெண்டர் வேறு

போன மாதம் அரக்கோணத்திலிருந்து ஒரு தம்பி, துண்டில் சுற்றிய பழைய ஹார்ன்பி டப்ளோ என்ற பிரிட்டிஷ் பொம்மை ரயில் இன்ஜினோடு என் காட்பாடி பட்டறைக்கு வந்தார். "முழுக்க ஒரிஜினல்னு சொல்லித்தான் வித்தாங்க அண்ணா. தண்டவாளத்துல வச்சாலே கன்ட்ரோலர் கட்டாயிடுது. மோட்டார் போயிடுச்சா?"

மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. கோளாறு டெண்டரில், அதாவது நீராவி இன்ஜினுக்குப் பின்னால் வரும் கரி, தண்ணீர் வண்டியில். டப்ளோ 1938-இல் மூன்று தண்டவாள ரகமாகத்தான் வந்தது. அதில் இரண்டு ஓரத் தண்டவாளமும் ஒரே மின்முனை என்பதால் சக்கரங்களுக்குக் காப்பு (இன்சுலேஷன்) தேவையில்லை. 1959-இல் இரண்டு தண்டவாள ரகம் வந்தது. இதில் இடமும் வலமும் தனித்தனி முனை. தம்பியின் இன்ஜின் புது ரகம். டெண்டர் அச்சின் இரு சக்கரத்திலும் மல்டிமீட்டர் முனையை வைத்தேன், 'பீப்' என்றது. ஒரு சக்கரத்திலிருந்து மற்றதுக்கு மின்சாரம் பாய்கிறது என்று அர்த்தம். பழைய ரகச் சக்கரம்! தண்டவாளத்தில் வைத்த நொடியே ஷார்ட்.

டெண்டரைச் சாய்த்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்தேன். பச்சை பெயிண்டுக்கு அடியில் எல்.எம்.எஸ். என்ற பழைய பிரிட்டிஷ் ரயில் கம்பெனியின் எழுத்துகள் மெல்லிய மேடாகத் தெரிந்தன. அந்தக் கம்பெனி 1948-இல் அரசுடைமையான பிரிட்டிஷ் ரயில்வேயில் சேர்ந்துவிட்டது. இன்ஜினோ பிரிட்டிஷ் ரயில்வே பச்சை. அடியில் ஒரு ஸ்டார் ஸ்க்ரூ வேறு. அந்தக் கால பிரிட்டிஷ் அளவான பி.ஏ. மரையில் இன்றைய மெட்ரிக் ஸ்க்ரூவை முறுக்கி ஏற்றியதில் மரை தேய்ந்துபோயிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது அதைப் பார்த்துத்தான். பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிடலாம், மரை திரும்ப வராது.

பாகம் மாற்றுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. போருக்கு முந்தைய துத்தநாக வார்ப்புகளில் ஈயம் கலந்திருந்தால், காலப்போக்கில் உப்பி, வெடித்து, கையிலேயே பொடிந்துவிடும். அப்படிப் பொடிந்த சக்கரத்துக்குப் பதில் வேறு போட்டே ஆகவேண்டும். போட்டதை மறைத்து ஒரிஜினல் விலை வாங்குவதுதான் மோசடி.

1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடிய மண் இது. ரயில் பொம்மை என்றால் விலை பார்க்காமல் வாங்குகிறவர்கள் இங்கே நிறைய. தயவுசெய்து, பணம் கொடுக்கும் முன் அடிப்பக்கப் படம் கேளுங்கள். ஸ்க்ரூ தலைகளையும் சக்கரங்களையும் கிட்டத்தில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

தம்பியின் டெண்டருக்குக் காப்பிட்ட சக்கரம் மாட்டினேன். "டெண்டர் வேறு இன்ஜினுடையது, சக்கரம் புதியது" என்று பில்லில் எழுதி, கழற்றிய சக்கரங்களைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்தேன்.