கிழங்கு மாவும் ஒரு சொட்டு அயோடினும்

சேலத்திலிருந்து ஆத்தூர் போகிற வழியில், சேகோ ஆலைக் களங்களில் ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருக்கும். மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கை அரைத்து, பாலை வடிகட்டித் தெளியவைத்து எடுத்த மாவு அது. அந்த மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டுப் பாருங்கள், கருநீலமாகிவிடும். பள்ளிக்கூடத்தில் செய்த சோதனைதான்.

ஆனால் நீலமாகவே மாறாமல் செம்பழுப்பாக நிற்கிற குச்சிக்கிழங்கு மாவும் உண்டு. தென் அமெரிக்காவில், கொலம்பியாவிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை மையத்தார் அப்படி ஒரு செடியைக் கண்டுபிடித்து 2007-ல் வெளியிட்டார்கள். தாய்ச்செடியின் மாவில் அந்தக் குணம் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியானால் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது?

மாவுச்சத்தில் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று கிளைகிளையாகப் பிரியும் அமைலோபெக்டின். மற்றொன்று நீளச் சங்கிலியாகச் சுருண்டு கிடக்கும் அமைலோஸ். அயோடின் அந்தச் சுருளுக்குள் புகுந்துகொள்வதால்தான் நீலம் வருகிறது. அமைலோஸைக் கட்டுவதற்குச் செடியிடம் ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதியைச் செய்யும் குறிப்பு ஒரு மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்று ஒவ்வொரு செடியிலும் அந்தக் குறிப்பு இரண்டு பிரதிகளாக இருக்கும். பிரதிகளுக்குள் எழுத்து வேறுபட்டால் அவற்றை அல்லீல்கள் என்கிறோம்.

ஒரு பிரதி பழுது, மற்றது சரி என்று வைத்துக்கொள்வோம். சரியான பிரதி மட்டுமே நொதியைச் செய்துவிடும். அமைலோஸ் உருவாகும், மாவு நீலமாகும். அதனால் சரியான பிரதியை ஓங்கு அல்லீல் என்றும், பழுதானதை ஒடுங்கு அல்லீல் என்றும் பாடநூல்கள் சொல்கின்றன. இந்தப் பெயர்கள் பலரைக் குழப்புவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று பலசாலி, அது மற்றதை அடக்கி வைக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கே சண்டையே இல்லை. சமைக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் இருந்தால் சோறு வந்துவிடுகிறது, அவ்வளவுதான். இரண்டு பிரதியும் பழுதானால்தான் உலை ஏறாது, மாவு நீலமாகாது.

நம் ஊரில் குச்சிக்கிழங்கை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. தண்டைக் கரணையாக வெட்டி நடுகிறார்கள். கரணையிலிருந்து வருவது அதே செடிதான். அதனால் உள்ளே ஒரு பழுதான பிரதி இருந்தாலும், எத்தனை முறை நட்டாலும் அது தெரியாமலே கூடப் போகும். கொலம்பியாவில் செய்தது வேறு. செடியின் மகரந்தத்தை அதே செடியின் பெண் பூவிலேயே சேர்த்து விதை எடுத்தார்கள். ஒவ்வொரு விதைக்கும் இரு பக்கமிருந்தும் ஒவ்வொரு பிரதி போகும்: சரி–சரி, சரி–பழுது, பழுது–சரி, பழுது–பழுது. நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் ஒளிந்திருந்தது வெளியே வந்துவிடும்.

பிரதிகள் இப்படிப் பிரிந்து போகின்றன என்பதைக் கண்ணால் பார்க்க முடியுமா? முடியும், அதுவும் நம் பக்கத்து ஊரிலேயே பார்த்திருக்கிறார்கள். பட்டாணிச் செடிகளை எண்ணி எண்ணி மெண்டல் 1865-ல் ஊகித்துச் சொன்னதை, கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி செய்த பார்னெல் 1921-ல் நெல்லின் மகரந்தத்தில் காட்டினார். அமைலோஸ் ஏறக்குறைய இல்லாத பசை நெல்லுக்கும் சாதாரண நெல்லுக்கும் பிறந்த கலப்புச் செடியின் மகரந்தத்தில் அயோடின் விட்டால், ஏறக்குறைய பாதித் துகள்கள் நீலம், பாதி செம்பழுப்பு. மகரந்தத் துகளில் ஒரே பிரதிதான் இருக்கும். பழுதை மறைக்க இன்னொன்று இல்லை. மரபியலில் இதைவிட அழகான காட்சியை நான் அறியேன்.

இதே கணக்கு நம் வீடுகளிலும் நடக்கிறது. பீட்டா தலசீமியா என்ற ரத்த நோய் பெரும்பாலும் ஒடுங்கு வழியில் வருவது. ஒரு பிரதி மட்டும் பழுதானவர் பொதுவாக நன்றாகவே இருப்பார். சொந்தத்தில் கல்யாணம் செய்யும்போது, பொதுவான முன்னோர் ஒருவரின் அதே பிரதி இரு பக்கமிருந்தும் வந்து சேர வழி கிடைக்கிறது. ஏதாவது ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டால், தாய்மாமனை மணந்தவரின் குழந்தையில் அப்படி நடக்க வாய்ப்பு 8-ல் 1. அத்தை மகன், மாமன் மகள் உறவில் 16-ல் 1. செடியைத் தன்னோடு தானே கலக்கும்போது கிடைக்கும் வாய்ப்பின் சிறிய அளவுதான் இது. ஒருவரிடம் இந்தப் பழுதான பிரதி உண்டா என்பதை ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் காட்டிவிடும். அதைக் கல்யாணத்துக்கு முன்பே செய்துகொள்ளலாம்.

இரண்டு பேரிடமும் ஒவ்வொரு பழுதான பிரதி இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி அடுத்த மூன்றுக்கும் பயமில்லை என்று சில குடும்பங்கள் நம்பிவிடுகின்றன. ஆனால் முதல் குழந்தைக்கு என்ன போனது என்பது அடுத்த கருவுக்குத் தெரியாது. அதற்கும் அதே நான்கில் ஒன்றுதான்.