அரிமானம்: துருவுக்கு இன்னொரு பெயர் அல்ல

கடலில் நிற்கும் எஃகுத் தூண் பாழாகும்போது 'துருப்பிடித்துவிட்டது' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் கரோஷன் (corrosion) என்பதற்குத் துரு என்று எழுதினால் பாதிதான் சரி. துரு என்பது விளைவு, அதுவும் இரும்புக்கும் எஃகுக்கும் மட்டும். உலோகம் அரிபட்டுத் தேய்கிற அந்த நிகழ்வுக்குப் பெயர் அரிமானம்.

லத்தீனில் 'ரோடெரே' என்றால் கொறிப்பது. அதில் ஒரு முன்னொட்டு சேர்ந்து 'கொர்ரோடெரே' ஆகி, அதிலிருந்து கரோஷன் வந்தது. எலி, அணில் இனத்தைக் குறிக்கும் ரோடென்ட் என்ற சொல்லுக்கும் இதே வேர்தான். தமிழில் கறையான் மரத்தை அரிக்கிறது என்கிறோமே, அந்த 'அரி'யோடு கட்டுமானம், வருமானம் என்பவற்றில் வரும் 'மானம்' சேர்ந்தால் அரிமானம். அரிப்பு என்றே சொல்லிவிடலாமே என்று கேட்டால், வேண்டாம் என்பேன். தோல் அரிப்பு, மண்ணரிப்பு என்று அது ஏற்கெனவே பல வேலை பார்க்கிறது, தவிர கடலில் இரண்டும் ஒரே தூணில் நடக்கும்: மணலை வாரிக்கொண்டு மோதும் அலை பெயிண்டை உரசி எடுப்பது அரிப்பு, அப்புறம் வெளியே தெரிகிற எஃகை உப்புநீர் தின்பது அரிமானம்.

அந்தத் தூணையே மேலிருந்து கீழாகப் பாருங்கள். எப்போதும் நீரில் மூழ்கிக் கிடக்கும் பகுதிதான் முதலில் போகும் என்று தோன்றும். பொதுவாக அப்படி நடப்பதில்லை. அலை தெறிக்கும் பகுதிதான் அதிகம் அடிபடுகிறது, ஏனென்றால் அங்கே எஃகின் மேல் மெல்லிய நீர்ப்படலம் மட்டும் இருப்பதால் காற்றிலுள்ள ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது, நனைந்து நனைந்து காய்வதில் உப்பும் செறிந்துகொண்டே போகிறது. கடலடி மண்ணுக்குள் புதைந்த பகுதியில் ஆக்சிஜன் குறைவு, அதனால் பெரும்பாலும் வேகமும் குறைவு.

துருவே அதிகம் தெரியாமல் அரிமானம் நடப்பதும் உண்டு, ஆபத்து அங்கேதான். 'துருப்பிடிக்காத எஃகு' என்று நாம் பெயர் வைத்திருப்பதைக் குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று காக்கிறது. கடல்நீரின் குளோரைடு அயனிகள் அந்தப் படலத்தை ஏதோ ஓரிடத்தில் உடைத்துவிட்டால், சுற்றியுள்ள பெரிய பரப்பு கேத்தோடாகவும் (அரிபடாத முனை) அந்தச் சிறு புள்ளி ஆனோடாகவும் (அரிபடும் முனை) மாறி, மொத்தத் தாக்குதலும் அந்தப் புள்ளியிலேயே குவிகிறது. மேலே பளபளப்பு, உள்ளே ஆழமான துளை. இதற்குக் குழி அரிமானம் என்று பெயர். இதைத் துரு என்று சொன்னால் பார்க்கிறவர் செம்பழுப்புக் கறையைத்தான் தேடுவார்.

துத்தநாகம் துருப்பிடிக்காது, ஆனால் அரிபடும். எஃகை முந்திக்கொண்டு அரிபடுகிறது என்பதற்காகவே கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள், அவை கரையக் கரைய எஃகு தப்பிக்கிறது. இந்த வழியை 1824-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் போர்த்தியிருந்த செப்புத் தகடுகளுக்காக முன்வைத்தார். செம்பு கரைவது நின்றது, கூடவே அதன் நச்சுத்தன்மை நீரில் கலப்பதும் நின்றதால் கடல் உயிரிகள் தகட்டில் ஒட்டி வளரத் தொடங்கின.

எழுதும்போது, சுரண்டினால் உதிர்கிற செம்பழுப்புப் பொருளைத் துரு என்றே எழுதுங்கள், அதற்கு அதைவிட நல்ல சொல் இல்லை. செம்பின் மேல் படியும் பச்சைக்குக் களிம்பு. நிகழ்வையும் வேகத்தையும் தடுப்பையும் பேசுகிற இடத்தில் அரிமானம், வினையாக வரும்போது அரிபடுதல்.