இரண்டு மடங்கு என்றால் எத்தனை பேர்?

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது. புதிய ரகக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு (ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியாவது) வரும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்றது. செய்தி பரவியதும் ஏராளமான பெண்கள் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிடப்பட்டது.

சரி, அந்த இரண்டு மடங்கு எவ்வளவு? பழைய ரக மாத்திரையில் ஏறக்குறைய 7,000 பெண்களில் ஒருவருக்கு ரத்தக்கட்டு வந்தது. புதியதில் இருவருக்கு. அவ்வளவுதான். கர்ப்ப காலத்தில் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு இதைவிட அதிகம் என்பதுதான் வேதனை. செய்தியில் பொய் எதுவும் இல்லை. 'மடங்கு', 'சதவீதம்' என்பவை இரண்டு ஆபத்துகளை ஒப்பிட மட்டுமே உதவும். ஆபத்து எவ்வளவு பெரியது என்று அவை சொல்வதில்லை. அதற்கு எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற கணக்கு வேண்டும். தலைப்பில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது அதுதான்.

இதற்கெல்லாம் நிருபர்களை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆய்வுகளைப் பற்றிச் செய்தியாளர்களுக்காக 2011-இல் வெளியிட்ட 462 பத்திரிகைக் குறிப்புகளை ஓர் ஆய்வுக்குழு மூலக் கட்டுரைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. விலங்காய்வுகளைப் பற்றிய குறிப்புகளில், முடிவை மனிதருக்கும் பொருந்துவதுபோல் மிகைப்படுத்தியவை 36 சதவீதம். குறிப்பு மிகைப்படுத்தியிருந்தால், அதையொட்டி வந்த செய்திகளில் 86 சதவீதமும் மிகைப்படுத்தின. குறிப்பு நிதானமாக இருந்தபோது அது 10 சதவீதம்தான்.

அப்புறம், மனிதர்களிடமே நடந்த ஆய்வானாலும் எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் எடுத்துக்கொள்ளும் பெண்களுக்கு இதயநோய் குறைவு என்று கண்காணிப்பு ஆய்வுகள் (யாருக்கும் எதையும் கொடுக்காமல், அவரவர் போக்கில் விட்டுக் கவனிப்பவை) பல காலம் காட்டின. குலுக்கல் முறையில் பெண்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒன்றுக்கு ஹார்மோனும் மற்றதற்குப் போலி மாத்திரையும் கொடுத்த பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை இதயத்தைக் காக்கவில்லை. ஹார்மோனைத் தாமாக நாடிய பெண்கள் பொதுவாகவே வசதியும் உடல்நலமும் கூடியவர்களாக இருந்தது முந்தைய கணக்கைக் குழப்பியதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆய்வு எலியிலா மனிதரிலா, எத்தனை பேர், குலுக்கல் முறையா வெறும் கண்காணிப்பா என்பதெல்லாம் பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்திலேயே இருக்கும். முழுக் கட்டுரைக்குக் கட்டணம் கேட்கும் இதழ்கள்கூட அந்தச் சுருக்கத்தை இலவசமாகவே தருகின்றன.