ப்ளூ ஸ்கிரீன் வந்ததும் பார்மட் அடிக்காதீர்கள்

போன வாரம் ஒரு மாணவி லேப்டாப்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். முனைவர் பட்ட ஆய்வு செய்பவர். "ரெண்டு தடவை பார்மட் அடிச்சுப் பார்த்துட்டோம் சார், அப்பவும் ப்ளூ ஸ்கிரீன் வருது" என்றார். விண்டோஸ் மேற்கொண்டு ஓட முடியாமல் நின்றுபோகும்போது வரும் நீலத்திரையைத்தான் சொன்னார். உள்ளே இருந்ததையெல்லாம் எங்காவது எடுத்து வைத்தீர்களா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கூட வந்திருந்த அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பார்மட் அடித்தவர் அவர்தான்.

பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே இரண்டு ரேம், அதாவது ஓடும் புரோகிராம்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரிப் பலகைகள். மெமரி சோதனையை ஓடவிட்டதும் பத்து நிமிடத்துக்குள் சிவப்பு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரத் தொடங்கின. ஒரு ரேமைக் கழற்றிவிட்டு ஓட்டினேன், ஒரு பிழையும் இல்லை. கழற்றியதை, பிழை காட்டாத ரேம் இருந்த இடத்தில் தனியாகப் போட்டு ஓட்டினேன், மறுபடியும் சிவப்பு. விரல் நீளத்துக்கு இருக்கும் அந்த ஒரு பலகைதான் கோளாறு. அதை மாற்றி மூடியை முடுக்க எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் மூன்று வருட ஆய்வுக் குறிப்புகளும் நேர்காணல் ஒலிப்பதிவுகளும் போய்விட்டன. சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க்கான எஸ்.எஸ்.டி. என்பதால் மீட்கவும் முடியவில்லை. பழைய ஹார்டு டிஸ்க்காக இருந்தால், மேலே புதிதாக எதுவும் எழுதப்படாத பகுதிகளிலிருந்து கொஞ்சமாவது தோண்டி எடுத்திருக்கலாம். எஸ்.எஸ்.டி.யை பார்மட் செய்தால், இந்த இடமெல்லாம் இனி தேவையில்லை என்று விண்டோஸே அதற்குச் சொல்லிவிடுகிறது. அதுவும் உள்ளுக்குள் துடைத்துவிடுகிறது.

இதே கதையை இந்த வருடத்தில் எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பார்மட் என்ன செய்யும்? டிஸ்க்கில் எழுதியிருப்பதை அழிக்கும். அவ்வளவுதான். ரேமைத் தொடாது. காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை ஈரமாக்காது. தூசி அடைத்து நின்ற ஃபேனைச் சுற்றவைக்காது. பவர் சப்ளையைச் சரிசெய்யாது. டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருந்தால், அந்தப் பழுதையும் சரிசெய்யாது. "ஆனா போன தடவை பார்மட் அடிச்சதும் சரியாச்சே" என்று கேட்பார்கள். உண்மைதான், சில நாள் சரியானதுபோல் இருக்கும். புதிதாக ஓ.எஸ். (விண்டோஸ் போன்ற இயங்குதளம்) போட்ட சிஸ்டத்தில் அதிக புரோகிராம்கள் ஓடுவதில்லை, ரேமில் பெரும்பகுதி சும்மா கிடக்கும். பழுதான பகுதி அந்தச் சும்மா கிடக்கும் இடத்தில் இருந்தால் யாருக்கும் தெரியாது. பிரவுசரில் முப்பது டேப் திறந்து, ஒரு வீடியோவையும் ஓடவிட்டால் அந்த இடத்துக்கும் வேலை வரும், அன்றைக்குத் திரை மறுபடி நீலமாகும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெட்ட ரேமை வைத்துக்கொண்டு ஓ.எஸ். போட்டால், டிஸ்க்கில் எழுதப்படும் கோப்புகளே பிழையோடு எழுதப்படலாம். சரிசெய்யப் போய் இரண்டாவது கோளாறை நாமே விதைக்கிறோம்.

மென்பொருள் கோளாறு என்று உறுதியாகத் தெரிந்தால் ஓ.எஸ்.ஸை மறுபடி போடுவது சரியான வழிதான். ஆனால் அது கடைசிப் படி.

அடுத்தது, "வைரஸா இருக்கும்". இருக்கலாம், ஆனால் என்னிடம் வரும் ப்ளூ ஸ்கிரீன்களில் அது அரிது. 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில் நீலமானது நினைவிருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் இயந்திரங்கள். எந்த வைரஸும் அதைச் செய்யவில்லை. தாக்குதலைத் தடுப்பதற்காகப் போட்டிருந்த க்ரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு தவறான அப்டேட்தான் காரணம். தீர்வு என்ன தெரியுமா? மிக அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் போய் ஒரு கோப்பை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்வது. அன்றைக்குப் பதறிப்போய் யாராவது பார்மட் அடித்திருந்தால் எல்லாவற்றையும் வீணாக இழந்திருப்பார்கள்.

சரி, திரை நீலமானால் என்ன செய்வது? முதலில் போனை எடுத்து போட்டோ எடுங்கள். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் அது கறுப்பாக வரும், விஷயம் ஒன்றுதான். நீலத்திரையில் இருக்கும் சதுரக் கட்டத்தை (க்யூ.ஆர். கோடு) ஸ்கேன் செய்தால் பொதுவான உதவிப் பக்கம்தான் வரும். எனக்கு வேண்டியது திரையில் இருக்கும் ஸ்டாப் கோடு (code), அதாவது எந்தப் பிழை என்று சொல்லும் பெயர். படிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது என்றால், சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி என்ற இடத்துக்குப் போய் ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட் டிக்கை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் போட்டோ எடுத்து வையுங்கள், தேதியோடு.

இந்த வேலையில் வருடக்கணக்காக நான் நம்பியிருக்கும் கணக்கு இதுதான்: ஒவ்வொரு முறையும் ஒரே கோடு, ஒரே கோப்பின் பெயர் வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர், அதாவது ஒரு கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் சிறு மென்பொருள். முறைக்கு ஒரு கோடு, மாற்றி மாற்றி வந்தால் ரேம், சூடு, மின்சாரம் என்று ஹார்டுவேர் பக்கம் திரும்ப வேண்டும். திரையில் 'சிஸ்' (.sys) என்று முடியும் பெயர் இருந்தால் அது எந்த டிரைவருடையது என்று தேடிப் பாருங்கள், பாதி வேலை முடிந்தது. வீடியோ டி.டி.ஆர். ஃபெய்லியர் (VIDEO_TDR_FAILURE) என்றால் டிஸ்பிளே டிரைவரிலிருந்து தொடங்குவேன். வீயா அன்கரெக்டபிள் எர்ரர் (WHEA_UNCORRECTABLE_ERROR) என்றால், ஹார்டுவேரே வாய்திறந்து புகார் சொல்கிறது என்று அர்த்தம். இனாக்சஸிபிள் பூட் டிவைஸ் (INACCESSIBLE_BOOT_DEVICE) வந்தால் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பில்) ஸ்டோரேஜ் மோடை யாரோ மாற்றியிருந்தாலும் அதுவே வரும், பழையபடி வைத்தால் எழுந்துவிடும்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து "கர்னல் பவர் 41னு இருக்கு சார், அதான் பிரச்சினை" என்று வருபவர்களும் உண்டு. தேடிப் பார்த்த அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் சிஸ்டம் முறையாக அணைக்கப்படாமல் நின்றுபோனது என்பதற்கு மேல் அந்த வரி எதையும் சொல்வதில்லை. ஏன் நின்றது என்பது அதில் இல்லை. நீலத்திரையே வராமல், ப்ளக்கைப் பிடுங்கியதுபோல் பொசுக்கென்று அணைந்தால் பவர் சப்ளையையும் சூட்டையும் பாருங்கள்.

எதை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் எல்லோரும் "ஒண்ணும் பண்ணலையே" என்பார்கள். கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். புது ரேமா, அப்டேட்டா, எல்லா டிரைவரையும் தானே புதுப்பிக்கும் என்று விளம்பரத்தில் பார்த்த இலவச மென்பொருளா? அந்த மென்பொருள்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். பொருந்தாத டிரைவரைப் போட்டுவிட்டுப் போய்விடும், அப்புறம் அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆகும். டிரைவர் வேண்டுமானால் லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தோ விண்டோஸ் அப்டேட்டிலிருந்தோ எடுங்கள்.

விண்டோஸே வரவில்லையா? தொடர்ந்து சில முறை பூட் ஆகாவிட்டால் ரெக்கவரி திரை தானாக வரும். அங்கிருந்து சேஃப் மோடுக்கும் சிஸ்டம் ரீஸ்டோருக்கும் போகலாம். அதுவும் முடியாவிட்டால் பென்டிரைவில் லினக்ஸ் போட்டு பூட் செய்து கோப்புகளை வெளியே எடுக்கலாம், அல்லது டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டலாம். விண்டோஸ் வரவில்லை என்பதால் உங்கள் கோப்புகள் போய்விட்டன என்று ஆகாது. இதை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். டிஸ்க்கைச் சோதிக்கும் செக் டிஸ்க்கை ஓட்டாதீர்கள். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கை மூலைமுடுக்கெல்லாம் ஓடவைத்தால் மிச்சம் இருப்பதும் போகும். முதலில் கோப்புகள், பிறகுதான் பழுது.

புது லேப்டாப் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். பலவற்றில் சாவி இல்லாமல் டிஸ்க்கைப் படிக்க முடியாதபடி பூட்டும் என்கிரிப்ஷன் (பிட்லாக்கர்) தானாகவே ஆன் ஆகியிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. பயாஸில் எதையாவது மாற்றினாலோ டிஸ்க்கைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டினாலோ 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீயைக் கேட்கும். அது இல்லாவிட்டால் என்னாலும் எதுவும் செய்ய முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீ இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி, லேப்டாப் பைக்குள் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள்.

வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். நிஜமான ப்ளூ ஸ்கிரீனில் தொலைபேசி எண் இருக்காது. "உங்கள் கம்ப்யூட்டர் முடங்கிவிட்டது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரை முழுக்க நீலமாக வந்து, அலாரம்போல் சத்தமும் போட்டால், அது பிரவுசரில் திறந்த ஏமாற்றுப் பக்கம். அழைத்தால் ரிமோட் மென்பொருள் போடச் சொல்லி, வங்கிக் கணக்குவரை வருவார்கள். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடினால் போய்விடும். அது தெரியாவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். அந்த எண்ணை மட்டும் அழைக்காதீர்கள்.

என் தொழிலில் இருப்பவர்களுக்கும் ஒன்று. "டேட்டா வேணுமா?" என்று போகிறபோக்கில் கேட்டுவிட்டு பார்மட் பட்டனை அழுத்தாதீர்கள். டேட்டா என்றால் எது என்று பலருக்குத் தெரியாது. போட்டோ, டாக்குமெண்ட், டெஸ்க்டாப்பில் கிடப்பது, அக்கவுண்ட்ஸ் கோப்பு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அந்த மாணவி நேற்று போன் செய்தார். வழிகாட்டிக்கு அனுப்பிய பழைய மின்னஞ்சல்களில் இரண்டு அத்தியாயங்கள் கிடைத்திருக்கின்றன. ஒலிப்பதிவுகளில் ஏழு அவர் போனிலேயே இருந்தனவாம். மீதி நேர்காணல்களுக்காக அதே ஆட்களைத் தேடி மறுபடியும் கிளம்புகிறார். அவர்களில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை.