மருந்தெதிர்ப்புக் குறிப்பான்

மலேரியா பற்றிய செய்திகளில் இந்தத் தொடர் இப்போது அடிக்கடி தலைகாட்டுகிறது. ‘ஆர்டெமிசினின் மருந்தெதிர்ப்புக் குறிப்பான் கண்டறியப்பட்டது’ (ஆர்டெமிசினின் ஒரு மலேரியா மருந்து) என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். எதிர்ப்பது யார், எதை எதிர்க்கிறார், குறிப்பான் என்பது பேனாவா என்றெல்லாம் படிப்பவர்தான் யோசிக்க வேண்டும்.

குழப்பம் முன்பாதியிலேயே தொடங்குகிறது. தமிழில் ‘மலேரியா எதிர்ப்பு மருந்து’ என்றால் நோயை ஒழிக்கும் மாத்திரை. ‘மருந்தெதிர்ப்பு மலேரியா’ என்றால் அந்த மாத்திரைக்கு அடங்காத நோய். அதே மூன்று சொற்கள்தான், வரிசை மாறியதும் பொருள் தலைகீழாகிவிடுகிறது. பக்கத்திலேயே ‘நோயெதிர்ப்பு’ வேறு இருக்கிறது. அங்கே எதிர்ப்பது நம் உடல். இங்கே எதிர்ப்பது கிருமி. ‘அடிக்கடி மாத்திரை போட்டு உடம்பு பழகிவிட்டது, அதனால் கேட்கவில்லை’ என்று பலரும் நினைப்பதற்கு இந்த ஒலி ஒற்றுமையும் ஒரு காரணம். மருந்தெதிர்ப்பில் மாறியிருப்பது நோயாளியின் உடம்பு அல்ல, அதற்குள் இருக்கும் ஒட்டுண்ணி.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘ரெசிஸ்டன்ஸ்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘ரெசிஸ்டெரே’ என்றால் விட்டுக்கொடுக்காமல் நிற்பது. இயற்பியலில் அதைத் ‘தடை’ என்றோம் (மின்தடை), மருத்துவத்தில் ‘எதிர்ப்பு’ என்றோம். என்னைக் கேட்டால் மூலப்பொருளுக்கு நெருக்கமான தமிழ்ச் சொல் ‘தாக்குப்பிடித்தல்’தான். எதிர்ப்பு என்றதும் கிருமி திட்டம் போட்டுச் சண்டைக்கு வருவதுபோல ஒரு தோற்றம் வருகிறது. நடப்பது அதுவல்ல. கோடிக்கணக்கில் பெருகும்போது மரபணுவில் தற்செயலாக எழுத்துப் பிழைகள் விழுகின்றன. மருந்து வரும்போது பெரும்பாலானவை சாகின்றன. ஏதோ ஒரு பிழை காரணமாகத் தாக்குப்பிடித்தவை மட்டும் மிஞ்சிப் பெருகுகின்றன. சரி, ‘மருந்தெதிர்ப்பு’ நூல்களில் நிலைத்துவிட்டது, மாற்ற வேண்டியதில்லை. முதன்முறை எழுதும்போது ‘மருந்துக்குத் தாக்குப்பிடிக்கும் தன்மை’ என்று ஒரு விளக்கம் சேர்த்தால் போதும்.

‘மருந்துக்குக் கேட்கவில்லை’ என்பது நல்ல வழக்குதான், ஆனால் அதை இதற்கு ஈடாக வைக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, பரிந்துரைத்த அளவில் மருந்து கொடுத்து, அது உடலில் சேர்ந்த பிறகும் ஒட்டுண்ணி பிழைத்தால்தான் அது மருந்தெதிர்ப்பு. மாத்திரையை வாந்தி எடுத்தாலும், பாதியில் நிறுத்தினாலும், வாங்கியது போலி மருந்தாக இருந்தாலும் காய்ச்சல் கேட்காது. அவையெல்லாம் ‘சிகிச்சைத் தோல்வி’.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட உதவுவதுதான் குறிப்பான். அழிப்பான், தெளிப்பான் போல ‘குறி’ என்ற வினையிலிருந்து கட்டிய சொல். பொருளாதாரத்தில் புழங்கும் ‘குறிகாட்டி’ வேறு; அது ஒரு போக்கை எண்ணால் காட்டுவது. குறிப்பான் என்பது மரபணுவின் குறிப்பிட்ட ஓர் இடத்தில் இருக்கும் மாற்றம். அந்த மாற்றம் இருந்தால் இந்த ஒட்டுண்ணி இன்ன மருந்துக்குத் தாக்குப்பிடிக்கக்கூடும் என்று ஊகிக்கலாம். நோயாளியின் விரல் நுனியிலிருந்து சில சொட்டு ரத்தத்தை வடிதாளில் காயவைத்து அனுப்பினாலே ஆய்வகத்தில் படித்துவிடலாம். நோயாளியைப் பல நாள் பின்தொடர வேண்டியதில்லை. பழைய மாதிரிகள் பத்திரமாக இருந்தால் பத்து ஆண்டுக்கு முந்தைய நிலவரத்தையும் இன்று படிக்கலாம்.

குளோரோகுயின் கதையை எடுத்துக்கொள்வோம். 1934இல் ஜெர்மனியில் உருவாகி, இரண்டாம் உலகப்போருக்குப் பின் உலகெங்கும் பரவிய மலிவான மருந்து. 1950களின் இறுதியிலேயே தாய்லாந்து–கம்போடிய எல்லையிலும் கொலம்பியாவிலும் அது தோற்கத் தொடங்கியது. இந்தியாவில் 1973இல் அசாமில் தெரியவந்தது; 1970களின் இறுதியில் கிழக்கு ஆப்பிரிக்கா. ஆனால் காரணமான மரபணு ‘பிஎஃப்சிஆர்டி’ என்று தெரிந்தது 2000இல்தான். அந்த மரபணு உருவாக்கும் புரதம், ஒட்டுண்ணி நம் ஹீமோகுளோபினைத் தின்று செரிக்கும் பையின் சவ்வில் இருக்கிறது. அந்தப் புரதத்தின் 76ஆம் இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் போய் திரியோனின் வந்தால், பைக்குள் சேர வேண்டிய மருந்து வெளியேறிவிடுகிறது. இதைக் ‘கே76டி’ என்று எழுதுவார்கள்: முதலெழுத்து பழைய அமிலத்தின் குறியீடு, எண் இடம், கடைசி எழுத்து புதிய அமிலத்தின் குறியீடு. இந்த வாய்பாடு தெரிந்துவிட்டால் மற்ற குறிப்பான்களின் பெயர்களும் மிரட்டாது.

குறிப்பானை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்ததால் தெரியவந்த மிக வியப்பான செய்தி மலாவியிலிருந்து வந்தது. அந்நாடு 1993இல் குளோரோகுயினைக் கைவிட்டு சல்ஃபடாக்சின்–பைரிமெத்தமின் என்ற வேறு மருந்துக்கு மாறியது. 1992இல் எடுத்த மாதிரிகளில் 85 சதவீதத்தில் கே76டி இருந்தது. 2000இல் அது 13 சதவீதம். அடுத்த சில ஆண்டுகளில் கிட்டத்தட்ட காணாமலே போனது. பிறகு அந்நாட்டின் பிளான்டயர் நகரில் குழந்தைகளிடம் குளோரோகுயினைச் சோதித்தபோது 99 சதவீதம் பலன் தந்தது. மாற்றாக வந்த மருந்தோ அதற்குள் தோற்றுவிட்டிருந்தது. மருந்தெதிர்ப்பு ஒருமுறை வந்தால் போகாது என்ற எண்ணத்தை இது அசைத்தது. மருந்து இல்லாத சூழலில் அந்த மாற்றம் ஒட்டுண்ணிக்கே சுமை. மாறாத பழைய வகை அதை முந்திவிடுகிறது. எல்லா நாட்டிலும் இப்படி நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஆர்டெமிசினின். சீனாவில் தூ யூயூ 1970களில் மூலிகையிலிருந்து பிரித்தெடுத்து, 2015இல் நோபல் பரிசு பெற்ற மருந்து. 2008, 2009இல் மேற்குக் கம்போடியாவிலிருந்து வந்த ஆய்வுகள், ரத்தத்திலிருந்து ஒட்டுண்ணி மறைய வழக்கத்தைவிட நேரமாகிறது என்று காட்டின. 2014இல் கெல்ச்13 என்ற மரபணுவில் குறிப்பான் கிடைத்தது. தென்கிழக்காசியாவில் பேர்போனது சி580ஒய். இங்கே ‘பகுதி மருந்தெதிர்ப்பு’ என்று எழுதுவதுதான் சரி. மருந்து தோற்றுவிடவில்லை, தாமதப்படுகிறது. கூடவே கொடுக்கும் இரண்டாவது மருந்து வேலை செய்தால் நோயாளி குணமாகிவிடுவார். தலைப்புச் செய்திகளில் இந்தப் ‘பகுதி’யை வெட்டிவிடுவது பெரிய தவறு.

ஆப்பிரிக்காவில் குளோரோகுயினுக்கு அடங்காத வகை ஆசியாவிலிருந்து போய்ச் சேர்ந்தது என்பது, மாற்றத்தின் அக்கம்பக்க மரபணு எழுத்துகளை ஒப்பிட்டுக் கண்டது. கெல்ச்13க்கும் அதுவே நடக்கும் என்று பலர் அஞ்சினார்கள். 2020இல் ருவாண்டாவில் ஆர்561எச் மாற்றம் வெளிவந்தபோது அதே ஒப்பீடு வேறு விடை சொன்னது: அது இறக்குமதி அல்ல, உள்ளூரிலேயே முளைத்தது. மாதிரிகள் எடுத்ததோ 2013–15 காலத்தில். 2021இல் வடக்கு உகாண்டாவிலிருந்து ஏ675வி, சி469ஒய் என்ற கெல்ச்13 மாற்றங்கள் பற்றிய செய்தி வந்தது.

இப்படி ஆண்டுதோறும் படித்துவருவதைக் ‘கண்காணிப்பு’ என்கிறோம். பொருத்தமான சொல், கண்ணால் காண்பது, அதோடு பொறுப்பெடுத்துக் காண்பது என்ற பொருளும் சேர்ந்திருக்கிறது. இதே ‘கண்காணி’தான் இலங்கைத் தோட்டங்களில் ‘கங்காணி’யாகி ஆங்கில அகராதிக்குள்ளும் போனது.   ‘வேவு’, ‘உளவு’ போன்ற சொற்களை இங்கே தவிர்க்கலாம், அவை போலீஸ் வாடை அடிக்கும்.

கண்காணிப்பால் மருந்துக் கொள்கை மாறுவதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. ஆர்டெமிசினின் வகையைச் சேர்ந்த ஆர்ட்டெசுனேட்டுடன் சல்ஃபடாக்சின்–பைரிமெத்தமின் சேர்ந்த கூட்டுமருந்து வடகிழக்கு மாநிலங்களில் பலனிழந்து வந்ததால், 2013இல் அங்கு மட்டும் ஆர்ட்டிமெத்தர்–லூமிஃபான்ட்ரின் என்ற இன்னொரு கூட்டுமருந்துக்கு மாறினார்கள். கூட்டாளி மருந்தான சல்ஃபடாக்சின்–பைரிமெத்தமினுக்கான குறிப்பான்களும் அதே கதையைத்தான் சொல்லின.

கடைசியாக ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல். உலக சுகாதார நிறுவனம் கெல்ச்13 மாற்றங்களை இரண்டாகப் பிரிக்கிறது. நோயாளிகளிடம் தாமதத்தோடும், ஆய்வகச் சோதனையில் தாக்குப்பிடிப்பதோடும் தொடர்பு நிரூபணமானவை ஒரு வகை. தொடர்பு இருக்கலாம் என்று தோன்றி, சான்று முழுமையாகாதவை இன்னொரு வகை. இரண்டாவதற்கான ஆங்கிலச் சொல்லான ‘கேண்டிடேட்’டை அகராதி பார்த்துப் பெயர்த்தால் ‘வேட்பாளர் குறிப்பான்’ என்று வரும். தேர்தலிலா நிற்கிறது? ‘உறுதியான குறிப்பான்’, ‘ஐயத்துக்குரிய குறிப்பான்’ என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும். ‘ஐயத்துக்குரிய’ என்பதில் இன்னொரு வசதி, அது நிரந்தரப் பட்டம் அல்ல என்பதும் விளங்கிவிடும். உகாண்டாவின் ஏ675வி முதலில் இந்த வகையில்தான் இருந்தது. சான்றுகள் சேர்ந்தபின் உறுதியானவற்றின் பட்டியலுக்குப் போய்விட்டது.